தாய்மீன்களின் இடம்

மூன்றாவது முறையாக வந்த கடல் பாதுகாப்புப் பகுதி அதிகாரி, படகுக்காரியின் வீட்டுத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். குரலிலோ ஒரு டின் தேன்.

"அக்கா, ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து எல்லைக்கோடு போட்டுட்டாங்க. கோட்டுக்குள்ள இருக்கறது வெறும் தண்ணி. தாய்மீனுங்க முட்டை போடற இடம் வெளியில எங்கயோ கிடக்கு. அதைக் காட்டுங்க, ஒரே மாசத்துல மூடிடறோம்."

அந்த இடம் இந்தக் கரையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். செத்துப்போன புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து. பெரிய விசைப்படகு ஒன்று ஒரு வாரம் அங்கே வலை இழுத்தால் போதும், அப்புறம் மீனைப் படம் வரைந்துதான் பார்க்க வேண்டும்.

"மூடினா ஒருத்தரும் வலை போட மாட்டாங்களே?"

"காக்கா கூட அந்தப் பக்கம் பறக்காது. என் பிள்ளை மேல சத்தியம்."

"பிள்ளை பொழைச்சுப் போகட்டும், விடுங்க." சிரித்தபடி அவருக்கு டீ ஊற்றினாள்.

அவர் வரைபடத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "எத்தனை பாகம் ஆழம்? அடியில வலை இழுத்தா பாறையில மாட்டுமா?"

ஊற்றிய கை ஒரு கணம் நின்றது. பிறகு தம்ளர் நுரை தளும்ப நிறைந்தது.

"பதினெட்டு பாகம், தம்பி, நூறடிக்கு மேல. பாறையா? எல்லாம் வெண்ணெய் மாதிரி மணல்." பேனாவை வாங்கி, வரைபடத்தில் தானே ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தாள்.

தெருமுனைக்குப் போவதற்குள் அதிகாரியின் தேன் வற்றிவிட்டது. போனை எடுத்தார். "முதலாளி, அந்தம்மா கக்கிடுச்சு. அடையாள அட்டை கூடக் கேக்கல. பெரிய வலையையே ஏத்துங்க, நானும் வர்றேன். அடியில சுத்தமான மணல், முழு வேகத்துல இழுக்கலாம்."

வீட்டில், அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, நீங்க குறி போட்ட இடத்துலதான அண்ணன் வலை பாறையில மாட்டி, படகோட..."

"ஆமா." அவள் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "மூடப் போறவன், வலை மாட்டுமான்னு கேப்பானா?"