காலி டேங்க்

"எங்க அக்கா கடலையே பாத்ததில்ல. அவளுக்காகத்தான் கேரவன் பிடிச்சிருக்கேன்."

இராஜபாளையத்தில் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார் உக்கிரபாண்டி. படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் உள்ள வண்டி. ராமேசுவரம் பயணம்.

ஊர் எல்லையில் வண்டியை எடைமேடையில் ஏற்றினான் டிரைவர் முத்துக்குமரன்.

"நூத்தித் தொண்ணூறு கிலோ அதிகம் சார். பிரேக் நிக்காது, டயர் வெடிக்கும். குறைச்சாத்தான் எடுப்பேன்."

"ஏலே, எனக்கேவா பாடம் சொல்லுத?"

ஓய்வுபெற்ற போக்குவரத்து எஸ்.ஐ. அவர். அதிக பாரம் ஏற்றிய லாரிகளுக்கு எமனாக இருந்தவர்.

மனைவி மாரிக்கனி கிரைண்டரை அணைத்துக்கொண்டாள். "மாவு ஆட்டாம இட்லிக்கு எங்க போக?"

மகன் அழகுராஜா ஸ்பீக்கர் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

மூன்று பேரும் அக்கா வெள்ளத்தாயைப் பார்த்தார்கள். கனத்த உடம்பு.

"மதினிக்கு முழங்கால் வலி வேற. பாவம், எதுக்கு அலையணும்?" என்றாள் மாரிக்கனி. நல்லவேளை, கரிசனத்தை எந்த மேடையும் நிறுப்பதில்லை.

வெள்ளத்தாய் பையோடு இறங்கி, எடைமேடைக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இன்னும் நூறு அதிகம்" என்ற முத்துக்குமரன், குனிந்து வண்டிக்கு அடியில் தட்டிப் பார்த்தான்.

"டேங்க்ல இருநூறு லிட்டரும் ததும்பத் ததும்ப நிக்கி! போற இடத்துல பிடிச்சுக்கிடலாம்னு சொன்னேன்ல சார்?"

"அசலூர்த் தண்ணி எனக்குச் சேராதுப்பா."

முத்துக்குமரன் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் ரோட்டில் ஓடி முடிந்தது.

"இப்ப இன்னும் நூறு கிலோ தாங்கும். அம்மா ஏறலாம்."

வெள்ளத்தாய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் மாரிக்கனி. "வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க அக்காவை ஏத்திக்கிடுவோம். மதினிக்குத்தான் முடியலையே."

உக்கிரபாண்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெகு அக்கறையாகத் துடைத்தார்.

வெள்ளத்தாய் பையிலிருந்து புளியோதரைத் தூக்கை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"இது ஒண்ணும் கனமில்ல, வச்சுக்கோ. வரும்போது எனக்குக் கொஞ்சம் கடல் தண்ணி கொண்டா தம்பி. டேங்க்தான் காலியா இருக்கே."