பெட்டிக்குக் காற்று

உணவகத்தின் பின்னறையில், பாத்திரம் கழுவுகிறவளின் தலைக்கு மேலிருக்கும் சுவர் ஃபேனை எலக்ட்ரீஷியன் கழற்றுகிறான். வெந்நீரின் ஆவி ஜன்னலில்லாத சுவர்களில் முட்டி அவள் முகத்துக்கே திரும்புகிறது. "பார்க்கிங்ல புதுசா வச்ச கார் சார்ஜிங் பெட்டி சூடாகி, பொசுக்குப் பொசுக்குன்னு நின்னுடுதும்மா. இனிமே இது அதுக்கு" என்கிறார் மேனேஜர். "எனக்கும்தான் சார் சூடாகுது" என்று அவள் பல்லைக் காட்டிப் பார்க்கிறாள். "நீ ஒருநாளும் நின்னதில்லையே!" என்கிறார் அவர். எலக்ட்ரீஷியன் வாயில் கவ்விய திருகாணி விழாமல் சிரிக்கிறான். சற்றைக்கெல்லாம், கதவிடுக்கு வழியே, வெள்ளைக் கார் ஒன்று ஒயரோடு நிற்பது அவளுக்குத் தெரிகிறது. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. ஃபேன் அதன்மேல் ஜிலுஜிலுவென்று வீசுகிறது. காற்று வருவது கண்ணுக்காவது தெரியட்டும் என்று, மகளின் பழைய கவுனில் கிழித்து அவள் ஃபேன் கம்பியில் கட்டியிருந்த நீலத் துணி படபடக்கிறது. கார்க்காரர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார். மேனேஜர் துணியைப் பிய்த்து எடுத்துவந்து தொட்டியோரம் போடுகிறார். "இந்தா, தட்டு துடைக்க ஆகும்." அவள் அதை எடுத்து, வேர்வை வழியும் நெற்றி வரைக்கும் கொண்டுபோகிறாள். அவர் நகராமல் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கை இறங்கி வந்து தட்டைத் துடைக்கிறது.