பன்னிரண்டு பெட்டி ஸ்டாக்

"இன்னொரு தபா எண்ணாத ஜாஸ்மினு. எண்ணிக்கினே இருந்தா பொட்டி குட்டியா போடும்?"

பக்கத்து கம்பெனி ஸ்டோர் கீப்பர் பகலவன் கதவில் சாய்ந்து நின்றார். பேக்கிங் டேப் ஒரு ரோல் கைமாற்றாகக் கேட்டு வந்தவர். வாரத்தில் மூன்று நாள் இப்படி எதற்காவது வருவார். வாங்கிப் போனது திரும்பி வந்ததாக வரலாறு இல்லை.

ஜாஸ்மின் ராக்கின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கம்ப்யூட்டர்ல நாப்பது பெட்டி பேரிங் காட்டுதுண்ணே. ராக்குல இருபத்தெட்டுதான் இருக்கு. நாளைக்கு ஆடிட். பன்னெண்டு பெட்டிக்கு நான் எங்க போவேன்?"

ஒரகடம் தொழிற்பேட்டையில் இந்த ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. சேர்ந்த அன்று, பழைய ஸ்டோர் கீப்பர் சுப்பிரமணி நீட்டிய லிஸ்டில் எதையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அவன் மறுநாளே ஓசூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். இந்த மாதம் அவளை பெர்மனென்ட் ஆக்க வேண்டும். நாளைக்கு ஸ்டாக் சரியாக இருந்தால் ஆக்குவார்கள். குறைந்தால், தன் ஊர் சேரப்பணஞ்சேரியில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற வேலை இனிமேல் இருக்காது.

"அழுவாத. ஸ்டாக்குன்னா இன்னான்னு நினைச்சுகினு கீற நீ?"

"கையில இருக்கற பொருள்தானேண்ணே?"

"அது ஸ்கூல்ல சொல்றது. வருசம் பூரா எங்க வேணா கெடக்கட்டும். ஆடிட்டர் வர்ற அன்னிக்கு எந்த ராக்குல கீதோ, அதான் அந்தக் கம்பெனி ஸ்டாக்கு. புரிஞ்சுதா?"

புரியவில்லை. பகலவன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க ஸ்டோர்ல பன்னெண்டு பொட்டி கீது. இதே பேரிங்குதான், இதே பொட்டிதான். எடுத்துக்கோ. நாளன்னிக்கு எங்க ஆடிட்டு, அதுக்குள்ள வந்துடணும்."

ஜாஸ்மினுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட் பாஸ் போடட்டுமாண்ணே?"

"ஐயே! எழுத்துல போட்டா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். கேன்டீன் பின்னால சுவரு கீதே, அது எதுக்கு?"

"இந்த உதவியை நான் உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே."

"நான் மட்டும் மறந்துட்டனா? போன வருசம் இதே ஆடிட்டப்போ சுப்பிரமணி எனக்குக் கை கொடுத்தான். தங்கமான பையன்." பகலவன் டேப் ரோலை எடுத்து வளையல் போலக் கையில் மாட்டிக்கொண்டார். "உங்க வூட்டு மட்டன் பிரியாணி ஷோக்கா இருக்குமாமே?"

"தவக்காலம்ணே. ஈஸ்டர் வரைக்கும் வீட்ல கறி எடுக்க மாட்டோம்."

"தவக்காலம் உனக்குத்தானே?"

அன்று ஷிஃப்ட் மாறுகிற கூட்டத்தோடு கூட்டமாகப் பன்னிரண்டு பெட்டிகள் சுவர் ஏறி வந்தன. மறுநாள் காலையில் அதே சுவர் வழியாக ஒரு டிபன் கேரியர் பிரியாணி அந்தப் பக்கம் போனது. உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட ஜாஸ்மின் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு இட்லி சாப்பிட்டார்.

ஆடிட்டர் கோவர்தன் பதினொரு மணிக்கு வந்தார். நிதானமான மனிதர். ஒவ்வொரு பெட்டியையும் தூக்கிப் பார்த்து எண்ணினார். இருபத்தெட்டு வரைக்கும் ஜாஸ்மின் தைரியமாக நின்றாள். அதற்கு மேல் மனதுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

"முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. சரியா இருக்கும்மா."

அவள் சிலுவை போட்டுக்கொள்வதற்குள், அவர் கடைசிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்தப் பெட்டியை எனக்குத் தெரியுமே!"

அவ்வளவுதான். ஜாஸ்மின் உடைந்துபோனாள். "மன்னிச்சிடுங்க சார். பொய் சொல்ல எனக்கு வராது. பன்னெண்டு பெட்டி குறைஞ்சுது. பக்கத்து கம்பெனியில இரவல் வாங்கி வெச்சேன். வேலை போனாலும் பரவாயில்ல சார்."

"இரவலா?" கோவர்தன் பெட்டியின் அடிப்பக்கத்தை அவளிடம் காட்டினார். அங்கே பச்சை மையில் ஒரு கையெழுத்து, போன வருடத் தேதி, பக்கத்தில் அவளுடைய கம்பெனியின் பெயர். "மேலே போட்டா லேபிளை ஒட்டி மறைச்சிடறாங்கன்னு நான் எப்பவும் அடியிலதான் கையெழுத்துப் போடுவேன். போன வருஷம் இதே ராக்குல நான் எண்ணின பெட்டிம்மா இது."

ஜாஸ்மின் சுவர் ஏறி வந்த மற்ற பதினொன்றையும் கவிழ்த்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பச்சை மை.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

"இன்னா ஜாஸ்மினு, டேலி ஆச்சா? பிரியாணி ஷோக்கா இருந்துச்சு. சரி, பொட்டிங்களை சுவரு மேல ஏத்து. நாளைக்கு எங்க ஆடிட்டு."

"எந்தப் பெட்டிண்ணே?" என்றாள் ஜாஸ்மின். "ஆடிட்டர் வர்ற அன்னிக்கு எந்த ராக்குல இருக்கோ, அதான் அந்தக் கம்பெனி ஸ்டாக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? டிபன் கேரியரை மட்டும் கழுவி சுவர் மேல வைங்க."