அம்மன் உத்தரவு

பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலங்கள் அம்மன் காலடியில் கிடந்தன. தாட்சாயிணி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் குடும்பத்தோடு ஜெர்மனி. சிவப்பு வந்தால் பருத்திப்பட்டே கதி. புருஷன் நாகேந்திரன் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றிய பொட்டலங்கள்.

அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் மடித்தவை இப்போது அவள் இடுப்பில், புடவை மடிப்புக்குள் இருந்தன. கோயில் வாசலில் அவன் செருப்பை ஓரமாக விட்ட நேரத்தில் மாற்றிவிட்டாள். தட்டில் இருந்த இரண்டும் அவள் மடித்தவை. இரண்டிலுமே செவ்வரளி.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ரெண்டு பூவுக்கே இந்தக் கனம்!

'தாயே, கோவிச்சுக்காதே. ஆடி மாசம் கூழ் ஊத்திடறேன்.'

எல்லாம் ஒரே ஒரு வார்த்தையால் வந்த வினை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் டிசைன் செய்துகொண்டிருந்தவனை ஜெர்மன் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. கொழுத்த சம்பளம், வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. "போலாமா?" என்று கேட்டான்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

"எனக்கென்ன, உன் இஷ்டம்தான்" என்றான்.

அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த நாள் அவன் அதைத் தன் சிநேகிதன் கோகுல்நாத் காதில் போட்டான். கோகுல்நாத்துக்குச் சொன்னால் ஆவடிக்கே மைக் வைத்துச் சொன்ன மாதிரி. எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் எந்த வாயால் மாட்டேன் என்பது? அவன் ஃபோனில் பனி கொட்டுவதைக் காட்டினான். "ஐயோ, எவ்ளோ அழகு!" என்றாள். வாய்தான் அழகு என்றது.

போன வருஷம்தான் கீழ் போர்ஷனில் சின்னதாக ஒரு மழலையர் பள்ளி ஆரம்பித்திருந்தாள். அதுவரை 'நாகேந்திரன் சம்சாரம்' என்று சொல்லிக்கொண்டிருந்த தெரு, இப்போதுதான் 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. கடையில் கருவேப்பிலை கொடுக்கிறவர்கூட 'வாங்க மிஸ்' என்கிறார். அதை விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊரில் போய் மறுபடியும் வெறும் சம்சாரமாக உட்கார வேண்டுமா? நினைத்தாலே அழுகை வந்தது.

இந்தச் சமயத்தில்தான், சாமி கும்பிடக் கூப்பிட்டால் சட்டை காயவில்லை என்று சாக்கு சொல்கிறவன், தானாகவே வந்து நின்றான். "எதுக்கும் ஏரிக்கரை அம்மன்கிட்ட பூ போட்டுப் பாத்துடலாமே."

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பூசாரி ஜெகதீசன் கற்பூரம் காட்டினார். மகள் கிருஷ்ணப்பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி நூலைப் பிரித்தார்.

சிவப்பு.

"ஆத்தா ஆர்டர் போட்டுட்டா சார். ஊட்டாண்டயே கெடன்றா!"

அத்தோடு விட்டாரா மனுஷன்? "இன்னொண்ணையும் பிரிச்சிப் பாத்துக்கினா மன்சு ஆறிடும்" என்று தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"வேணாம் சாமி!"

தாட்சாயிணி கத்திய அதே மூச்சில் நாகேந்திரனும் கத்தினான். கத்தியதோடு நிற்காமல் பொட்டலத்தை வாரி எடுத்துக்கொண்டு ஓடி, கரையில் நின்று ஏரிக்குள் வீசிவிட்டுத் திரும்பினான்.

பாவம். கைநழுவிப் போன வெள்ளைப் பூவைக் கண்ணால் பார்க்கக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஸ்கூட்டரில் வரும்போது இருவர் முகமும் ஒரு முழத்துக்கு நீண்டிருந்தன. "விடுங்க, நமக்குக் குடுத்து வெச்சது அவ்ளோதான்" என்று அவள் தேற்றினாள். "உன்ன நெனச்சாதாம்மா கஷ்டமா இருக்கு" என்று அவன் தேற்றினான். வழியில் மூன்று பேரும் மிளகாய் பஜ்ஜி தின்றார்கள். துக்கத்திலும் பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குள் போய் இடுப்பிலிருந்த பொட்டலங்களை எடுத்தாள். இவ்வளவு ஆசைப்பட்டவன் மடித்த வெள்ளைப் பூ. அதையாவது அம்மன் படத்துக்கு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். செவ்வரளி.

சரி, அப்போது இதுதான் வெள்ளை. கையைத் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு இரண்டாவதைப் பிரித்தாள்.

செவ்வரளி.

அடப்பாவி மனுஷா!

கூடத்திலிருந்து அவன் கோகுல்நாத்திடம் ஃபோனில் பேசுவது கேட்டது. குரல் தழுதழுத்தது. "நம்ம கைல இன்னா கீது மச்சான்? எனக்கு எம்மா ஆசை தெரியுமா? ஆத்தா உத்தரவு குடுக்கலியே."

தாட்சாயிணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அடுப்பு மேடையில் சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெகுநேரம் கழித்துக் குரலைச் சரிசெய்துகொண்டு, கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, காபி போடட்டுமா, டீயா?"

"உன் இஷ்டம்மா" என்றான்.