சண்டைக்கு முந்தைய பேச்சு

மனித இனத்தை முன்னுரைகளிலிருந்து விடுதலை செய்யவே தான் பிறந்திருப்பதாக, மதுரை விளக்குத்தூண் அருகே நின்று வில்வநாதன் அறிவித்தான். அவன் விற்க வந்தது சுருக்கி. காதில் செருகிக்கொண்டால், எதிராளி எவ்வளவு நேரம் பேசினாலும் ஒரே வரியாகத்தான் கேட்கும். இன்று ஒன்றாவது விற்காவிட்டால் அவனுக்கு வேலை போய்விடும்.

எதிரில் கீரிக்காரர் ஒச்சப்பன், பாம்புப்பெட்டி, கீரிப்பெட்டி இரண்டையும் மூடி முன்னால் வைத்துக்கொண்டு, பாம்புக்கும் கீரிக்கும் இதோ சண்டை என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். நல்ல கூட்டம்.

"மனுஷன் வாயாலயே வண்டி ஓட்டுறாரு. சும்மா மாட்டிப் பாருங்க," என்று வில்வநாதன் ஒவ்வொருவர் காதிலும் சுருக்கியைச் செருகிவிட்டான்.

'சண்டை நடக்காது' என்றது சுருக்கி. கூட்டம் அசந்துபோய் அவன் பக்கம் திரும்பியது. அவன் சுருக்கியின் அருமை பெருமைகளைப் பேசத் தொடங்கினான்.

'வாங்கச் சொல்கிறான்' என்றது சுருக்கி. அதைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

மிஞ்சியது வில்வநாதனும் ஒச்சப்பனும்தான்.

"அண்ணே, ஒரு பெட்டி கிடைக்குமா?"

"ரெண்டுமே காலிதான் தம்பி. எது வேணும்?"

வில்வநாதன் கீரிப்பெட்டியை வாங்கித் தன் முன்னால் வைத்தான். மூடியில் கையை வைத்துக்கொண்டு, "திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்," என்று ஆளில்லாத தெருவைப் பார்த்து மெதுவாக ஆரம்பித்தான்.