கத்திய பேரிங்

அந்தப் பழைய பைக்கில் கிளட்ச்சைப் பிடித்தால், உள்ளே யாரோ பல்லை நறநறவென்று கடிப்பது போலச் சத்தம் வந்தது. மெக்கானிக் இருதயராஜ் திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

“பேரிங்தான் கத்துது” என்றவர், அதைக் கழற்றி ஓரத்திலிருந்த டப்பாவில் எறிந்துவிட்டு, புதுசு போட்டு மூடினார்.

எஞ்சினுக்குள் ஒரே இருட்டு.

“எனக்கு முன்னால இங்க இருந்தவர் எங்கே?” என்றது புது பேரிங்.

“கத்தினார். எடுத்துட்டாங்க” என்றன கிளட்ச் பிளேட்டுகள், ஒரே குரலில்.

“எதுக்குக் கத்தினார்?”

பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்தில், பிளேட்டுகளைச் சுமக்கும் பெரிய கிண்ணமான கிளட்ச் பெல் மெல்ல ஆடி, புது பேரிங்கின் முதுகில் உரசியது. பெல்லை இறுக்கிப் பிடிக்கும் ரிவெட் ஆணி ஒன்று பாதி கழன்று நின்றது.

“ஐயோ, இது போற வழியில கழண்டுட்டா…” என்று பதறியது புது பேரிங்.

“உஷ்! வெளியே காது வச்சிருக்காங்க” என்றது பெல்.

புது பேரிங் வாயை மூடிக்கொண்டது.

“பாருங்க, சத்தமே இல்ல” என்று இருதயராஜ் சிரித்தார். வண்டிக்காரர் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் கிளம்பினார்.

வண்டி கண்ணுக்கு மறைந்ததும், யாரும் தொடாத டப்பாவுக்குள் பழைய பேரிங் நறநறவென்று சுற்ற ஆரம்பித்தது. இருதயராஜ் எழுந்து போய் டப்பாவை இறுக்கி மூடினார்.