எந்த வருஷத்து சைக்கிள்?

“இது எந்த வருஷத்து சைக்கிள்னு மட்டும் சொல்லுங்கண்ணே. எங்கப்பா யோக்கியரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

சைக்கிள் கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். எந்தப் பழைய சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுகிற மனுஷன். ஆனால், சைக்கிளை வைத்து அப்பாவுக்கு ஜாதகம் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

“விஷயத்தைச் சொல்லும்மா.”

சொன்னாள். அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். போன மாதம் தவறிவிட்டார். அச்சகத்து குடோனைக் காலி செய்தபோது, சாக்கு போர்த்தி இந்த லேடீஸ் சைக்கிள் நின்றிருக்கிறது. உங்கப்பாவுடையதுதான், எடுத்துக்கொண்டு போங்கள் என்று முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“பத்து வயசுல சைக்கிள் கேட்டேண்ணே. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு காதுல பூ சுத்தினார். அச்சகத்துப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு எங்க அத்தையே சொல்லும். நான் நம்பல. இப்ப இது வந்து நிக்குது!”

“ம்...”

“கூடப் படிச்சவங்க எல்லாம் சைக்கிள்ல பறப்பாங்க. நான் பின்னாடி பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன். நாப்பத்தஞ்சு வயசாச்சு. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டா இன்னமும் திரும்பிப் பாக்கறேன்.”

கடைக்காரர் சைக்கிளின் கழுத்தைத் துணியால் துடைத்தார். கம்பெனி பேட்ஜ் இல்லை. அதை அடித்திருந்த ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“ஓட்டை ரெண்டும் மேலயும் கீழயுமா இருக்கு பாரு. புறா மார்க் கம்பெனிக்காரன்தான் இப்படி அடிப்பான். மத்தவன் எல்லாம் பக்கவாட்டுல.”

பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். நம்பர் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்து, வருஷத்தைச் சொன்னார்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். முகம் செத்துப்போயிற்று.

“எனக்குப் பதினொண்ணு. என்கிட்ட கையை விரிச்சுட்டு, அதே சமயத்துல எவளுக்கோ வாங்கியிருக்கார். இதை எடைக்குப் போட்டுடுங்கண்ணே, எனக்கு வேண்டாம்.”

“கொஞ்சம் பொறும்மா.” அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஃபிரேம்தான் அந்த வருஷம். சக்கரம் அதுக்கு மூணு வருஷம் கழிச்சு வந்தது. ஹேண்டில்பார் வேற கம்பெனி. ஒண்ணொண்ணா வாங்கிச் சேர்த்திருக்கார். செயின் இன்னும் மாட்டவே இல்ல. புது டயர்ல நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்த ரப்பர் முள்ளுகூட அப்படியே இருக்கு. இது ஒரு அடிகூட ஓடலம்மா.”

“யாருக்குச் சேர்த்தா எனக்கென்ன? என் கைக்கு வரலையே.”

அவர் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைக் கம்பியோடு உருவினார். கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சீட்டு உயரத்துக்கு அரத்தால கோடு போட்டிருக்கார். ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்துல ஒரு நம்பர் குத்தியிருக்கு. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு... கோட்டுக்குக் கோடு சீட்டு உசந்துக்கிட்டே போகுது. பதினாறுக்கு அப்புறம் எல்லா நம்பரும் ஒரே கோட்டுல. பொண்ணு வளர்றது நின்னுபோச்சு போல. மனுஷன் விடாம வருஷா வருஷம் குத்திக்கிட்டே இருந்திருக்கார்.”

“எதுவரைக்கும்ணே?”

“இருபத்திமூணு வரைக்கும். அதோட நின்னுடுச்சு. ஏன்னு தெரியல.”

அவள் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“இருபத்திமூணுலதான் எனக்குக் கல்யாணமாச்சுண்ணே.”